கட்டை விரலா, மணிக்கட்டா?

துப்பாக்கி விளையாட்டு ஒன்றை முதன்முதலாகப் போட்டுவிட்டு டெலிவிஷன் முன் உட்காரும் எந்தப் பையனும், எந்தப் பெண்ணும், அன்றைக்கே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ட்ரோலரின் வலது பக்கத்து ஸ்டிக்கைக் கட்டை விரலால் தள்ளிக் குறி பார்ப்பதா? அல்லது கண்ட்ரோலரையே இரு கைகளாலும் லேசாகத் திருப்பிக் குறி பார்ப்பதா? முன்னதற்கு அனலாக் ஸ்டிக் முறை என்று பெயர். பின்னதை மோஷன் முறை என்கிறார்கள். கண்ட்ரோலருக்குள் இருக்கும் உணர் கருவியின் பெயரால் ஜைரோ முறை என்று சொல்லுவோரும் உண்டு.

விளையாட்டுத்தானே, எப்படிப் பிடித்தால் என்ன என்று பெரியவர்கள் நினைக்கலாம். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவனுக்கு அது சரி. போட்டியில் இறங்குகிறவனுக்கு அப்படி அல்ல. முதல் நாள் யோசியாமல் எடுத்த முடிவின்மேல் நூற்றுக்கணக்கான மணி நேரப் பழக்கம் ஏறிவிடுகிறது. பிறகு மாற்றிக்கொள்ள நினைத்தால், கற்றதை மறந்து, தோல்விகளைச் சகித்து, மீண்டும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே அந்தத் தேர்வை ஆரம்பத்திலேயே விவரம் தெரிந்து செய்வது நல்லது.

நம் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குறி பார்ப்பது கையின் வேலை. அந்த வேலையைக் கைக்கே விட்டுக்கொடுப்பது மோஷன் முறை. ஸ்டிக் முறையோ, பெரும்பாலான விளையாட்டுகளில், யந்திரத்தின் ஒத்தாசையோடு நடப்பது. போட்டி என்று வந்துவிட்டால், மோஷனை நேர்மையாகச் சோதித்துப் பார்க்காமல் ஒருவர் ஸ்டிக்கிலேயே தங்கிவிடக் கூடாது. அதே சமயம், சோதித்துப் பார்த்த பிறகும் ஸ்டிக்கையே வைத்துக்கொள்ளுகிறவரை ஏளனம் செய்வதும் தகாது.

குடமும் பொட்டும்

இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம், எந்த விரல் அசைகிறது என்பதில் மட்டும் இல்லை. அசைவின் அர்த்தமே வேறு.

ஸ்டிக்கை வலப்புறம் தள்ளினால் பார்வை வலப்புறம் திரும்பத் தொடங்குகிறது. எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகம். அதாவது, விரல் சொல்லுவது வேகத்தை. சேர வேண்டிய இடத்தை அல்ல. இலக்கு வந்தவுடன் விரலைத் திருப்பி எடுத்தால்தான் பார்வை நிற்கும். கண நேரம் தாமதித்தால் குறி தாண்டிப் போய்விடும். குழாயைத் திறந்து குடத்தில் கோடு போட்ட இடம்வரை தண்ணீர் பிடிப்பதைப் போன்றது இது. குழாயை எவ்வளவு திறப்பது, எப்போது மூடுவது என்ற இரண்டையும் சரியாகக் கணிக்க வேண்டும்.

மோஷன் முறையில் கை எவ்வளவு திரும்புகிறதோ அதற்குத் தக்க அளவு பார்வையும் திரும்புகிறது. கை நின்றால் பார்வையும் நிற்கிறது. இது நெற்றியில் பொட்டு வைப்பதைப் போன்றது. விரல் போய்ச் சேரும் இடந்தான் கணக்கு. வேகம் நம் சௌகரியம். கம்ப்யூட்டரில் மௌஸை வைத்து ஆடுகிறவர்கள் அனுபவிக்கும் சுகமும் இதுவேதான்.

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் பால் ஃபிட்ஸ் 1954-ல் ஒரு விதியை வகுத்தார். இலக்கு எவ்வளவு தூரத்திலும் எவ்வளவு சிறியதாகவும் இருக்கிறதோ, அதற்குத் தக்கபடி கை அதைச் சென்றடைய எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடுகிறது என்பது அதன் சாரம். துப்பாக்கி விளையாட்டில் எதிரி தூரத்தில் நிற்கிறான். திரையில் சின்னப் புள்ளியாகத் தெரிகிறான். போதாக்குறைக்கு ஓடவும் செய்கிறான். இத்தனை கஷ்டமான வேலைக்கு, வேகத்தைச் சொல்லும் கருவியைவிட இடத்தைச் சொல்லும் கருவியே ஏற்றது என்பதில் சந்தேகமில்லை.

ஸ்டிக்கின் உடற்கூற்றிலும் ஒரு குறை உண்டு. அதன் மத்தியில் சிறு வட்டத்துக்குள் விழும் அசைவுகளை யந்திரம் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டுவிடும். இல்லாவிட்டால் விரல் படாதபோதே பார்வை நகர ஆரம்பித்துவிடும். ஆனால் நூலிழை அளவு குறியைத் திருத்த வேண்டிய சமயத்தில் தேவைப்படுவது அந்தச் சின்னஞ்சிறு அசைவுதான்! உராய்ந்து வேலை செய்யும் பழைய பாணி ஸ்டிக்குகள் நாளாவட்டத்தில் தேய்ந்து, தாமாகவே ஒரு பக்கம் நகரத் தொடங்குவதும் உண்டு.

ஜைரோவின் உள்ளே இருப்பது சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய, ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு துண்டு. கண்ட்ரோலர் திரும்பும்போது அந்த அதிர்வு சற்றே பக்கவாட்டில் விலகும். விலகலை அளந்து, கை எவ்வளவு திரும்பியது என்று யந்திரம் கணக்கிடுகிறது. இதிலும் சிறு பிழைகள் சேரும். ஆனால் பார்வையை நேராக்கும் பட்டனை ஒருமுறை அழுத்தினால் தீர்ந்தது.

பழக்கம் வந்த வழி

அப்படியானால் உலகம் ஏன் ஸ்டிக்கின் பக்கம் சாய்ந்தது? அதற்குக் காரணம் சரித்திரம்.

நின்டெண்டோ 64 என்ற கருவி 1996-ல் வந்தபோது, அதன் கண்ட்ரோலரில் ஒரே ஒரு ஸ்டிக் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் 1997-ல் கோல்டன் ஐ என்ற ஜேம்ஸ் பாண்ட் விளையாட்டை ஆடினார்கள். குறியைத் தானே இழுத்துக் கொடுக்கும் வசதி அதிலேயே இருந்தது. அதே 1997-ல் சோனி கம்பெனி இரண்டு ஸ்டிக்குகளும் அதிர்வும் கொண்ட டூயல் ஷாக் கண்ட்ரோலரை வெளியிட்டது. இடது ஸ்டிக்கால் நடப்பது, வலது ஸ்டிக்கால் பார்ப்பது என்ற ஏற்பாடு மெல்ல மெல்லத் தலைகாட்டியது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 2000-ல் பிளே ஸ்டேஷனுக்கு ஏலியன் ரெசரக்‌ஷன் என்ற விளையாட்டு வந்தது. இன்று எல்லோரும் கையாளும் அதே இரண்டு ஸ்டிக் ஏற்பாடுதான் அதில் இருந்தது. அமெரிக்க விமரிசகர் ஒருவர், அந்தப் பேய்க் கதையில் மிகவும் பயங்கரமான அம்சம் அந்த ஸ்டிக் ஏற்பாடுதான் என்று கேலி செய்து எழுதினார். மறு ஆண்டே, 2001-ல், எக்ஸ்பாக்ஸ் கருவியுடன் ஹேலோ வந்தது. குறிக்கு உதவும் நுட்பத்தை அழகாகச் சேர்த்து, அதே ஏற்பாட்டை உலகம் முழுவதும் ஏற்கும்படி செய்துவிட்டது. நேற்று கேலிக்கு ஆளானது இன்று வழக்கமாகிவிட்டது. மோஷனைப் பார்த்து இன்று சிரிப்பவர்கள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

மோஷனுக்குக் கெட்ட பெயர் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 2006-ல் நின்டெண்டோவின் வீ என்ற கருவி வந்தது. கையை வீசி டென்னிஸ் ஆடும் வேடிக்கை வீடுகளெல்லாம் பரவியது. ஆனால் அந்தக் கருவியின் கைப்பிடியில் முதலில் ஜைரோ கிடையாது. 2009-ல் தனித் துணைக் கருவியாகத்தான் அது வந்து சேர்ந்தது. மோஷன் என்றாலே கையைக் கண்டபடி ஆட்டுவது, சோபாவைவிட்டு எழுந்து குதிப்பது என்ற எண்ணம் ஜனங்கள் மனத்தில் பதிந்துவிட்டது. இன்றைய ஜைரோ குறி அப்படிப்பட்டதல்ல. கண்ட்ரோலரை மடியில் வைத்தபடியே, மணிக்கட்டை ஒரு விரற்கடை அளவு அசைத்தால் போதும். பக்கத்தில் இருப்பவர் கவனிக்கக்கூட மாட்டார்.

ஸ்ப்ளட்டூன் காட்டிய பாதை

இந்தத் தப்பெண்ணத்தைப் போட்டிக் களத்தில் உடைத்த விளையாட்டு ஸ்ப்ளட்டூன். நின்டெண்டோ 2015-ல் வெளியிட்டது. இரண்டாம் பாகம் 2017-லும், மூன்றாம் பாகம் 2022-லும் வந்தன. குண்டுக்குப் பதில் வர்ண மையைப் பீச்சும் விளையாட்டு அது. நான்கு பேருக்கு நான்கு பேர்; சாதாரணப் பந்தயத்துக்கு மூன்று நிமிஷம். தரையில் அதிக இடத்துக்குத் தங்கள் வர்ணத்தைப் பூசிய கட்சிக்கு வெற்றி. பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டு. ஆனால் ஜப்பானில் 2016 முதல், உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் திருவிழாவின் பெயரைத் தழுவி, ஸ்ப்ளட்டூன் கோஷியென் என்று தேசியப் போட்டியே நடத்தும் அளவுக்கு அது வளர்ந்தது.

அந்த விளையாட்டில் மோஷனையும் ஸ்டிக்கையும் எதிரிகளாக நிறுத்தவில்லை என்பதே கவனிக்க வேண்டிய விஷயம். மோஷனை வைத்து ஆடும்போதும், ஸ்டிக் இடம் வலமாகப் பார்வையைத் திருப்பும். மேலும் கீழும் பார்ப்பதும், நுணுக்கமாகக் குறியைத் திருத்துவதும் கையின் பொறுப்பு. பின்னால் வரும் எதிரியைப் பார்க்கத் திரும்ப வேண்டுமானால் ஸ்டிக். அவன் மேல் குறியை நிறுத்த வேண்டுமானால் மணிக்கட்டு. பெரிய வேலைக்குக் கடப்பாரை, சின்ன வேலைக்கு உளி என்பது போல வேலையைப் பங்கிட்டுக்கொடுத்துவிட்டார்கள். மோஷன் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், ஸ்டிக் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தனித்தனியே, குறை ஐந்து முதல் கூட்டல் ஐந்து வரை, அவரவர் கைக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம்.

மற்றத் துப்பாக்கி விளையாட்டுகளைப் போல, குறியை எதிரியின் பக்கம் இழுத்துக் கொடுக்கும் உதவியை அதில் எதிர்பார்க்க முடியாது. கை செய்ததுதான் கணக்கு. அதனால்தான் போட்டிகளில் முன்வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் மோஷன் முறையைக் கையாளுகிறார்கள். தூரத்திலிருந்து ஒரே அடியில் வீழ்த்தும் சார்ஜர் வகை ஆயுதத்தைத் தூக்குகிறவர்களுக்கு அதன் பயன் நன்றாகத் தெரியும். அருகே சென்று அடித்து உருட்டும் ரோலர் வகைக்கு அத்தனை நுணுக்கம் வேண்டியதில்லை.

பாதை தெரிந்தபின் மற்றவர்களும் நடக்கத் தொடங்கினார்கள். 2022-ல் ஃபோர்ட்நைட் விளையாட்டு, ஃபிளிக் ஸ்டிக் என்ற ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. ஸ்டிக்கை எந்தத் திசையில் தட்டுகிறோமோ அந்தத் திசைக்குப் பார்வை உடனே திரும்பிவிடும். மீதி வேலை ஜைரோவினுடையது. அதே ஆண்டில் கால் ஆஃப் டியூட்டியின் மாடர்ன் வார்ஃபேர் இரண்டாம் பாகம், பிளே ஸ்டேஷனில் ஜைரோ குறிக்கு இடம் கொடுத்தது. கையடக்கக் கம்ப்யூட்டரான ஸ்டீம் டெக்கும் அதே ஆண்டில் ஜைரோவுடனே வந்தது.

ஸ்டிக்கின் பக்கத்து நியாயம்

ஒரு கட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுவது தர்மம் அல்ல. ஸ்டிக்கின் பக்கமும் நியாயங்கள் உண்டு.

முதலாவது, நிலைத்தன்மை. ஸ்டிக்கை விட்டால் பார்வை அப்படியே நிற்கும். தும்மினாலும், கால் மாற்றி உட்கார்ந்தாலும் குறி கலையாது. ரயிலிலோ பஸ்ஸிலோ கையடக்கக் கருவியை வைத்துக்கொண்டு ஆடுகிறவனுக்கு, வண்டி திரும்பும்போதெல்லாம் குறியும் சேர்ந்து திரும்பினால் எரிச்சல் வராதா? திரையும் கண்ட்ரோலரும் ஒரே கருவியாக இருக்கும்போது, கையைச் சாய்த்தால் திரையும் சாய்கிறதே என்ற சங்கடமும் உண்டு.

இரண்டாவது, உடல் நிலை. கை நடுக்கம் உள்ளவர்கள், மணிக்கட்டில் வலி உள்ளவர்கள், ஒரு கையால் மட்டும் ஆட வேண்டியவர்கள் ஆகியோருக்கு ஸ்டிக் பெரிய அனுகூலம். இதற்கு நேர்மாறாக, கட்டை விரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்கு மோஷனே அனுகூலமாக இருப்பதும் உண்டு. எனவே வைத்தியர் சொல்லும் பத்தியத்தைப் போல இதையும் ஆளுக்கு ஆள் பார்க்க வேண்டுமே தவிர, எல்லோருக்கும் ஒரே சட்டம் போட முடியாது.

மூன்றாவது, யந்திரத்தின் ஒத்தாசை. இதுதான் பெரிய நியாயம். பெரிய வழக்கும் இதுதான்.

வெற்றி யாருடையது?

ஸ்டிக்கின் குறையை ஈடுகட்டவே குறி உதவி என்ற ஏற்பாடு வந்தது. அதில் முக்கியமாக இரண்டு வகை. குறி எதிரியின் மேல் போகும்போது பார்வையின் வேகத்தைத் தானே குறைத்துக்கொடுப்பது ஒன்று. எதிரி ஓடினால் குறியையும் அவனோடு சற்று இழுத்துச் செல்லுவது மற்றொன்று. ஸ்டிக்கை வைத்து ஆடுகிற எல்லோருக்கும் இந்த உதவி சமமாகக் கிடைக்கும்வரை எவருக்கும் குறை இல்லை.

கம்ப்யூட்டரில் மௌஸ் வைத்திருப்பவனும், வீட்டுக் கருவியில் ஸ்டிக் வைத்திருப்பவனும் ஒரே பந்தயத்தில் மோதும் காலம் வந்ததும் பூசல் கிளம்பியது. அருகாமைச் சண்டையில், எதிரி சட்டென்று பக்கம் மாறுவதை மனிதக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை அசைவதற்குள், யந்திரம் குறியை இழுத்துவிடுகிறதே என்று மௌஸ்காரர்கள் முறையிடுகிறார்கள். கை முழுவதையும் மேசைமீது வீசிக் குறி பார்க்கிறவனுக்கு எதிரே, ஒரு விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவனுக்குக் கொஞ்சம் உதவி கொடுத்தால் என்ன என்று ஸ்டிக்காரர்கள் பதில் சொல்லுகிறார்கள். இரண்டும் பொய் அல்ல. உதவியைக் கூட்டினால் ஒருவர் அழுகிறார். குறைத்தால் மற்றவர் அழுகிறார். இந்த வழக்கு இன்றளவும் தீரவில்லை.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற ஒரு வாசல் இருக்கிறது என்றால் அது ஜைரோவே என்று நாம் கருதுகிறோம். சோபாவில் உட்கார்ந்தபடியே, மேசையும் மௌஸும் இல்லாமலே, கையின் திறமையைக் கையே காட்டுவதற்கு அது வழி செய்கிறது. தோற்றவன் யந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. ஜெயித்தவனுக்கும், இந்த வெற்றியில் என் பங்கு எவ்வளவு என்ற சந்தேகம் வராது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இரவு பகலாகப் பழகி ஒரு கோப்பையை ஜெயிக்கிறான் என்றால், அந்தச் சந்தேகமற்ற சந்தோஷம் அவனுக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

சோதித்துப் பார்ப்பவர்களுக்கு

மோஷனைச் சோதித்தோம், சரிப்படவில்லை என்று சொல்லுகிறவர்களில் பலர் அரை மணி நேரம்தான் சோதித்திருப்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! குறைந்தது மூன்று வாரமாவது தவணை கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் வெற்றி தோல்விக் கணக்கைப் பார்க்கவே கூடாது. முதலில் பயிற்சிக் களத்தில், நிற்கும் பொம்மைகளைச் சுட்டுப் பழகட்டும். பிறகு ஓடும் பொம்மைகள். அதன் பின்பே மனிதர்களோடு மோதட்டும்.

கண்ட்ரோலரை ஆகாயத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. முழங்கையைத் தொடையிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றி, மணிக்கட்டைத் தளர்த்தி வைத்துக்கொண்டால் களைப்பு வராது. பெரிய திருப்பங்களை ஸ்டிக்குக்கே விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் கையாலேயே திருப்ப முயன்றால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். பார்வையை நேராக்கும் பட்டனை அடிக்கடி அழுத்தும் பழக்கம் வேண்டும். சுறுசுறுப்பை மிகவும் குறைத்து வைத்துக்கொண்டு, கை போதவில்லையே என்று தவிப்பது புதியவர்கள் செய்யும் தவறு. நடுவில் வைத்துத் தொடங்கி, ஒரு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மாற்றிப் பார்ப்பது உத்தமம். தினமும் மாற்றினால் கை எதையும் கற்றுக்கொள்ளாது.

மூன்று வாரத்துக்குப் பிறகும் ஸ்டிக்கே உயர்வாகத் தோன்றினால் தாராளமாக அதற்குத் திரும்பலாம். அப்போது அது அறிந்து செய்த தேர்வு. வெறும் பழக்கத்தின் பிடிவாதம் அல்ல.

விளையாட்டுகளைச் செய்து விற்கும் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. தேர்வு செய்யுங்கள் என்று ஆடுகிறவர்களிடம் சொல்லுவதற்கு முன், தேர்வு இருக்க வேண்டும் அல்லவா? 2020-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கருவிகளோடு கொடுத்த கண்ட்ரோலரில் ஜைரோ இல்லை. கண்ட்ரோலரில் ஜைரோ இருந்தும், அதைக் கவனிக்காத துப்பாக்கி விளையாட்டுகள் ஏராளம். இரண்டு முறைகளையும் எல்லா விளையாட்டிலும் வைக்க வேண்டும். குறி உதவி எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு முறைக்காரர்களையும் சமமாக வரவேற்று, குறி உதவியைப் பற்றிய விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மனம் இருந்தால் போதும்.

வீட்டில் அண்ணன் ஸ்டிக்கில் ஆடுகிறான் என்பதற்காகத் தம்பியும் அதிலேயே ஆட வேண்டியதில்லை. தங்கை கண்ட்ரோலரைத் திருப்பித் திருப்பி ஆடுவதைப் பார்த்து அண்ணன் சிரிக்கவும் வேண்டியதில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கட்டும். ஒருவேளை, கற்றுக்கொடு என்று அவளிடம் அவனே வந்து கேட்கும்படி நேரலாம்.